பொருள்: ‘சான்றுறுதி முறையைத் தானாக அறிதல்’ – ஒரு முன்மொழிவு

மென்பொருள் தமிழாக்கக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கடவுச்சொல் காப்புள்ள வை-ஃபையில் இணையும்போது, எந்த முறையில் தன்னை மெய்ப்பிக்க வேண்டும் என்பதைக் கருவியே தெரிந்துகொள்ளும் வசதிக்கு ‘அங்கீகார அமைப்புகளைத் தானியங்கியாகக் கண்டறிதல்’ என்று முந்தைய மடலில் பரிந்துரைத்திருந்தீர்கள். அந்த நான்கு சொற்களோடும் எனக்கு வழக்கு உண்டு. பெரிய வழக்கு முதற்சொல்லோடு.

தண்டையார்பேட்டையில் நான் கணினி கற்பிக்கும் இடத்தில், கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றியிருந்த மாணவி ஒருத்தி வை-ஃபையில் இணைய முயன்றபோது ‘அங்கீகாரச் சிக்கல்’ என்று திரையில் வந்தது. “நம்ம சென்டருக்கு அங்கீகாரம் இல்லையா சார்?” என்று கவலையோடு கேட்டாள். கடவுச்சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அவள் புரிந்துகொண்டதில் பிழையில்லை. அங்கீகாரம் என்பது அரசு பள்ளிக்கும் தேர்தல் ஆணையம் கட்சிக்கும் தருவது. இங்கே நடப்பதோ, கடவுச்சொல் தனக்குத் தெரியும் என்று கருவி மெய்ப்பித்துக் காட்டுவது.

‘சரிபார்ப்பு’ போதாதா என்றால், போதாது. நிறுவனங்கள் பயன்படுத்தும் 802.1எக்ஸ் முறையில், கருவி தன்னை மெய்ப்பிக்கும் முன் எதிர்முனையிலுள்ள வழங்கியின் (சர்வரின்) சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே சொல் நின்றால், அவசரத்தில் இருப்பவர் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்பதைத் தொட்டுவிட்டு, அதே பெயரில் எவரோ பக்கத்தில் நிறுவிய போலி அணுகுமுனையிடம் (வை-ஃபை தரும் பெட்டியிடம்) தம் கடவுச்சொல்லைப் பறிகொடுக்கக்கூடும். ஆகவே ‘சான்றுறுதி’ என்கிறேன். ‘அத்தாட்சி’ நல்ல சொல்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அது கையில் வாங்கும் தாளையே குறிக்கிறது.

அடுத்தது ‘கண்டறிதல்’. அணுகுமுனை நொடிக்கு ஏறத்தாழ 10 முறை தன் பெயரையும், ஏற்கும் மறையாக்க (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும்) முறையையும், பொதுக் கடவுச்சொல்லா, 802.1எக்ஸா, 2018இல் வந்த வை-ஃபை பாதுகாப்புத் தரமான டபிள்யூபிஏ3இன் முறையா என்பதையும் தானே அறிவித்துக்கொண்டிருக்கிறது. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் 1977 வரை எரிந்த கலங்கரை விளக்கத்தைக் கடலிலிருந்து பார்த்தவர் எதையும் துப்பறியவில்லை. அது மின்னும் விதத்தைக் கொண்டு சென்னை என்று அறிந்துகொண்டார். அந்த ‘அறிதல்’ இங்கும் போதும்.

எனக்கு எதிரான ஒரு சான்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 1997ஆம் ஆண்டு வை-ஃபை தரத்திலேயே இருந்த பழைய ‘வெப்’ (WEP) என்ற பாதுகாப்பு முறையில், மறையாக்கம் உண்டு என்று காட்ட ஒரு பிட் மட்டுமே உண்டு. இணையும்போது எதையும் மெய்ப்பிக்கக் கேட்காத திறந்த முறையா, இரு பக்கமும் அறிந்த சாவியைக் கொண்டு மெய்ப்பிக்கும் பகிர்சாவி முறையா என்பதை அறிவிப்பு சொல்லாது. கருவி ஒன்றை முயன்று, மறுக்கப்பட்டால் மற்றதை முயல வேண்டும். அங்கே ‘கண்டறிதல்’ பொருந்தும்தான். ஆனால் எவரும் பயன்படுத்தக் கூடாத ஒரு முறைக்காக எல்லா முறைக்கும் பெயர் வைக்க வேண்டியதில்லை. 802.1எக்ஸுக்குள்ளே நடப்பது வேறு: வழங்கி ஒரு வழியைச் சொல்ல, தெரியாவிட்டால் கருவி மறுத்துத் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. அது காசிமேட்டு மீன் சந்தைப் பேரம். அதற்கு ‘முறை இணக்கம்’ என்று தனிச்சொல் வேண்டும்.

‘அமைப்புகளை’ என்பதும் மிகைதான். எந்தச் சான்றிதழ் வழங்குநரை நம்புவது என்பதை எந்த அறிவிப்பிலிருந்தும் அறிய முடியாது, ஏனெனில் போலியும் அதையே அறிவிக்கலாம். அதைப் பயனரோ நிர்வாகியோ முன்கூட்டியே இட வேண்டும். கருவி அறிவது முறையை மட்டுமே. ‘தானியங்கியாக’ என்பதற்குத் ‘தானாக’ போதும். அதைச் சுருக்கித் ‘தன்னறிதல்’ ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆன்மிகத் தேடலுக்குத் திருவண்ணாமலைக்குப் போக வேண்டிய சொல்.

ஆகவே பெயராகச் ‘சான்றுறுதி முறை அறிதல்’. திரையில் ‘சான்றுறுதி முறையைத் தானாக அறி’. இடம் போதாத கைப்பேசிகளில், தலைப்பிலேயே ‘சான்றுறுதி’ இருக்குமாதலால், கீழே ‘முறையைத் தானாக அறி’ என்று நிறுத்திக்கொள்ளலாம். ‘பகிர்சாவி’யா ‘பொதுச்சாவி’யா என்பதைத் தனி இழையில் பேசுவோம், பின்னது மறையாக்கத்தில் வேறொன்றுக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது.