முட்டத்திலிருந்து 9 மேக்னிட்யூட் வால்நட்சத்திரம்: படத்தில் சிக்கவே மாட்டேங்குது (பேசுபவர்கள் அவரவர் ஊர்ப்பெயரில்)

முட்டம்: பொழுது சாய்ந்ததும் கடற்கரையிலிருந்து மேற்கே அந்த வால்நட்சத்திரத்தைப் படம் எடுக்கிறேன். 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, 200 எம்எம் லென்ஸ், வானச் சுழற்சிக்கு ஏற்ப கேமராவைத் திருப்பும் சின்ன ஸ்டார் டிராக்கர். 30 விநாடி ஃபிரேம்களாக அரை மணி நேரம் எடுத்து டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்தேன். அதைவிட மங்கலான நட்சத்திரமெல்லாம் இருக்கிறது, அதை மட்டும் காணோம். துருவ நட்சத்திரம் தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைவதால் டிராக்கரைத் துருவத்துக்கு நேராக்கும் அலைன்மென்ட் குத்துமதிப்புதான். எங்கே பிசகுகிறது?

தக்கலை: தம்பி, மேக்னிட்யூட் என்பது பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல். 9 என்பது மொத்த ஒளி. நட்சத்திரத்தில் அது ஒரே புள்ளியில் குவியும், இதில் தலைப்பகுதி முழுக்கப் பரவிக் கிடக்கும். அதுவும் கணிப்புதானே! ஐசான் வால்நட்சத்திரம் 2013-ல் சூரியனை நெருங்கியதுமே சிதறிப்போனது. ஹோம்ஸ் வால்நட்சத்திரம் 2007-ல் 17-லிருந்து இரண்டே நாளில் 3-க்கு வந்து நின்றது. வால்நட்சத்திரப் பதிவுகளைத் தொகுக்கும் கோப்ஸ் தளத்தில் மற்றவர்கள் நிஜமாகப் பார்த்த அளவைப் பாருங்கள். அப்புறம் ஒரு ஃபிரேமை அஸ்ட்ரோமெட்ரி.நெட் தளத்தில் ஏற்றினால் கேமரா எங்கே பார்த்தது என்று தெரியும். ஸ்டெல்லேரியம் வான்வரைபடச் செயலியில் பழைய சுற்றுப்பாதை விவரம் கிடந்தால் இடமே மாறிவிடும்.

முட்டம்: ஏற்றிப் பார்த்தேன் அண்ணே. வான்பொருள்களின் இடத்தைக் கணக்கிடும் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் தளம் சொல்லும் இடம் ஃபிரேமுக்குள்தான் வருகிறது. ஒரு நாளைக்கு 2 டிகிரி நகர்கிறதாம்.

தக்கலை: அப்போ விஷயம் அதுதான். 2 டிகிரி என்றால் நிமிடத்துக்கு 5 ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு). உங்கள் லென்ஸில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 4 ஆர்க்செகண்ட். ஒற்றை ஃபிரேமில் பாதிப்பில்லை, அரை மணி நேரத்தில் 37 பிக்சல் தள்ளிப் போய்விடும். நட்சத்திரங்களை வைத்துச் சேர்த்தால் கரைந்துவிடும். ஃபிரேம்களுக்கிடையே ஒத்துப்போகாததை நீக்கும் கப்பா சிக்மா முறையைப் போட்டிருந்தால் மென்பொருள் அதைக் குப்பை என்று கழித்தே விடும். முதல், கடைசி ஃபிரேம்களில் வால்நட்சத்திரத்தைக் குறித்து, அதையே வைத்துச் சேர்க்கும் காமெட் முறையில் சேருங்கள். ஒற்றை ஃபிரேமில் தெரியாவிட்டால் பத்துப் பத்தாகச் சேர்த்துத் தேடுங்கள்.

குலசேகரம்: அலைன்மென்டையும் விட்டுவிடாதீங்க. நம்ம ஊரில் துருவம் வெறும் 8 டிகிரி உயரம். 2 டிகிரி பிசகினாலே 30 விநாடியில் 4 பிக்சல் வரை இழுக்கும். டிரிஃப்ட் முறையில் (நட்சத்திரம் விலகும் திசையைப் பார்த்து) சரிசெய்யுங்கள். துருவம் தாழ்வாக இருப்பதால் எதிர்எடைக் கம்பி டிரைபாட் காலில் இடிக்கும், வடக்கே இரண்டு கால்களின் நடு இடைவெளி வருமாறு திருப்பி வையுங்கள். இருட்டு என்று பேச்சிப்பாறைக்கு ஓட வேண்டாம். முட்டமே நல்லது, லென்ஸில் படியும் உப்பை மட்டும் துடையுங்கள்.

முட்டம்: காமெட் முறையில் மங்கலாகப் பச்சைத் திட்டு ஒன்று வருகிறது. அதுதானா?

தக்கலை: முதல் பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாக, நட்சத்திரங்களை வைத்தே சேருங்கள். ஹொரைசன்ஸ் சொல்லும் திசையில் திட்டு நகர்ந்திருந்தால் அதேதான்.