பின்தெருக் குடியிருப்பை இடித்து ஒன்பது மாடி கட்டப் போகிறார்கள், எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

மந்தைவெளி_மாடிவீடு:
வணக்கம். எங்கள் பின்தெருவில் எழுபதுகளில் கட்டிய அரசுக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது, மழைக்காலத்தில் அந்தப் பக்கம் நடக்கவே பயமாக இருக்கும். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் ஒன்பது மாடி கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். இப்போது இருப்பவர்களோடு இன்னும் நிறையக் குடும்பங்கள் வரும். எங்கள் நலச்சங்கத்தில் எதிர்ப்பு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். தண்ணீர், சாக்கடை, வண்டி நெரிசல் என்று காரணங்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் காரணங்கள் பொய்யும் இல்லை. என்ன செய்யலாம்?

லாரித்தண்ணி:
கையெழுத்துப் போடுங்கள். ஏழைகளுக்கு வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் இரண்டு பெரிய அடுக்குமாடிகள் வந்த பிறகு சாக்கடை ஆள்நுழைவுக் குழி வாரம் ஒருமுறை பொங்குகிறது. குழாய் அதே பழைய குழாய்தான், அகலப்படுத்தவே இல்லை. ஊருக்கு வெளியே இடம் இருக்கும்போது ஏன் இதே நெருக்கடிக்குள் அடைக்க வேண்டும்?

கண்ணகிநகர்_பையன்:
ஊருக்கு வெளியே என்பதை நான் வாழ்ந்து பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் எனக்குப் பத்து வயது. மயிலாப்பூர்க் கால்வாய் ஓரத்தில் இருந்த எங்களை ஏற்றிக்கொண்டு போய்க் கண்ணகி நகரில் இறக்கினார்கள். வீடு 195 சதுர அடி, ஐந்து பேர். வீடு சின்னது என்று அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு கதவு இருந்ததே அவருக்குப் பெருமை. ஆனால் அம்மா மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்தார். முதல் வீட்டில் ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். முன்பு பத்து நிமிடம் நடந்தால் போதும். அங்கே போன பிறகு மூன்றரைக்கு எழுந்து, இருட்டில் பேருந்து பிடித்து, அடையாறில் இறங்கி இன்னொன்று ஏற வேண்டும். முதல் பேருந்து தவறினால் கோலமும் தவறும். நாலைந்து முறை தவறியது, அந்த வீட்டில் பக்கத்தில் இருக்கிற வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு வீடுகளும் அடுத்தடுத்துப் போயின. அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினான், நானும் அரையாண்டு நடுவில் பள்ளி மாறினேன். பிறகு வேலைக்கு மனுப் போடும்போது முகவரியைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை எத்தனை முறை பார்த்திருப்பேன்.

உங்கள் பின்தெருவில் இருப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் தெருவில்தான் வேலை பார்ப்பார்கள் சார். ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள்.

செங்கல்_சிமெண்ட்:
இருபது வருடமாகக் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது எண்ணமே இருந்த இடத்தில் கட்டுவதுதான். சென்னைக்குள் இன்று பழுதாகி நிற்கும் வாரிய அடுக்குகள் பல அந்தக் காலத்தவை. 1977 முதல் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, தண்ணீர், கழிவுநீர் இணைப்போடு கொடுத்தார்கள், கையில் காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொண்டார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கட்டியதெல்லாம் 2000-க்குப் பிறகு. நகருக்குள் நிலத்தின் விலை ஏறியது, மலிவாகக் கிடைத்த இடத்தில் கட்டினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை வெள்ள ஆபத்து என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம், அங்கும் தண்ணீர் ஏறும்.

லாரித்தண்ணி சொல்லும் குழாய்ப் பிரச்சினை உண்மை. ஆனால் அது பணக்கார அடுக்குமாடிக்கும் பொருந்தும். 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கே தளப்பரப்புக் குறியீடு (எல்லா மாடியும் சேர்த்து மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2, உயரக் கட்டடத்துக்கு 3.25. அந்த விதியில் பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் கட்டடம் வந்தபோது உங்கள் சங்கம் மனுப் போட்டதா என்று யோசியுங்கள். மனு எழுதத்தான் வேண்டும் என்றால், கட்டுவதற்கு முன் குழாயை அகலமாக்கு என்று எழுதுங்கள். அப்புறம் ஒன்று, கட்டி முடியும் வரை அந்தக் குடும்பங்கள் வாடகைக்குப் போக வேண்டும். அதற்காக ஒரு குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் கருணைத் தொகையை 8,000-இலிருந்து 24,000 ரூபாய் ஆக்கினார்கள். மந்தைவெளியில் முன்பணம் கொடுக்கவே அது பத்தாது, வேலை இழுத்துக்கொண்டே போனால் கடன்தான்.

லாரித்தண்ணி:
தனியார் கட்டடத்துக்கும் நான் எதிர்ப்புத்தான் சார். ஆனால் குழாய் முதலில் என்று எழுதினால் நானும் கையெழுத்துப் போடுவேன். கண்ணகி நகர்த் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

தோபாயோ_வாசி:
சிங்கப்பூரில் இருந்து. இங்கே 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதியில் தீப்பிடித்துச் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அப்போது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எரிந்த அதே நிலத்தை அரசு எடுத்து அங்கேயே அடுக்குமாடி கட்டியது. இன்று மக்களில் முக்கால்வாசிக்கும் மேல் வீவக வீட்டில்தான், நானும் அப்படித்தான். சிங்கப்பூர் மாதிரி ஆகலாம் என்று சும்மா சொல்ல மாட்டேன், இங்கே நிலம் எடுக்க அரசுக்கு இருந்த அதிகாரம் வேறு. ஆனால் எங்கள் வட்டாரத்தில் மூவறை வீடும் ஐந்தறை வீடும் அடுத்தடுத்த புளோக்கில் இருக்கின்றன, எல்லாரும் ஒரே சந்தையில்தான் காய்கறி வாங்குகிறோம், அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

கண்ணகிநகர்_பையன்:
அம்மா நன்றாக இருக்கிறார் அண்ணா, கேட்டதற்கு நன்றி. இப்போதும் மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து உட்கார்ந்திருப்பார்.

மந்தைவெளி_மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை பின்தெருவுக்குப் போனேன். எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகப் பாத்திரம் தேய்க்கும் அக்கா இரண்டாம் மாடியில்தான் இருக்கிறார், இத்தனை நாள் அது எனக்குத் தெரியாது. அவர் கேட்டது ஒன்றுதான். திரும்ப இதே இடத்தில்தான் வீடு தருவோம் என்று எழுத்தில் யாராவது கொடுப்பார்களா?

அந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை. வேறு மனு எழுதப் போகிறேன். குழாய் அகலம், இப்போது இருக்கும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலோடு ஒதுக்கீட்டு உறுதி, கட்டும் காலத்துக்கு மாத வாடகை, மூன்றும் அதில் வரும். செங்கல்_சிமெண்ட் சார், வரைவை இங்கே போட்டால் குழாய்ப் பகுதியைத் திருத்தித் தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், அதற்குள் வேண்டும்.