புதுப்பிப்பு: அக்காவின் 26 கிரெடிட்டுகளும் மெடிகேரும்

அமெரிக்காவில் சில ஆண்டுகளே வேலை பார்த்து, அங்கு சம்பாதித்து வரி கட்டியதற்குச் சேரும் பணிப் புள்ளிகளான கிரெடிட்டுகளில் தேவையான 40-இல் 26 மட்டுமே சேர்த்துள்ள என் அக்காவுக்கு 65 வயதில் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைக்கும். அத்தானிடம் 40 கிரெடிட்டுகள் இருப்பதாலும், அவர் 62 வயதைக் கடந்துவிட்டதாலும், அவருடைய பணிப்பதிவின் பேரில் மருத்துவமனைச் செலவுக்கான ‘பகுதி ஏ’ அக்காவுக்குப் பிரீமியம் இல்லாமலே கிடைக்கிறது. மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான ‘பகுதி பி’க்கு மட்டும் மாதக் கட்டணம் உண்டு.

அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை, அத்தான் தமக்கு விண்ணப்பித்த பிறகே துணைவருக்கான தொகையை அக்கா பெற முடியும். முழு ஓய்வூதியம் பெறத் தகுதியான வயது வரை அக்கா காத்திருந்தால் அது அத்தானின் முழுத் தொகையில் 50 சதவீதம் வரை வரும். அக்கா இதைப் பெறுவதால் அத்தானின் தொகை குறையாது என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், சென்னையில் அக்கா ஆசிரியையாகப் பணியாற்றிய ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க வழியில்லை. இது நியாயமற்றது என்றே கருதுகிறேன்.