கிராணி வேலைக்கு ஆர்க் மோடா, டுடூ டெக்ஸ்டா?

லயத்துவீட்டுப் பொண்ணு
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக (அலுவலக எழுத்தராக) சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்) சொல்வதை எல்லாம் விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரே கோப்பில் எழுதி வருகிறேன். இப்போது 1,400 வரி. எது குறிப்பு, எது செய்ய வேண்டிய வேலை என்று எனக்கே பிரியவில்லை. போன வாரம் மழையால் ஒரு காட்டில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) பழக்குலை வெட்டு இரண்டு நாள் தள்ளிப்போனது. அதை எழுதி வைத்தேன், ஆனால் அடுத்த சுற்றின் தேதியை மாற்ற விட்டுப்போனது. கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குப் போய், அதில் குறிப்பையும் வேலையையும் சேர்த்து வைக்கும் ஆர்க் மோட் பழகுவதா, விம்மிலேயே இருந்து டுடூ டெக்ஸ்ட் மாதிரி வரிக்கு ஒரு வேலையாகத் தனிப் பட்டியல் வைப்பதா?

பெரட்டுமணி
தங்கச்சி, நீங்க சொன்ன அந்தத் தேதிச் சிக்கலே ஆர்க் மோடுக்குப் போகப் போதுமான காரணம். குறிப்பு ஒரு இடத்தில், தேதி இன்னொரு இடத்தில் இருந்தால் ஒன்றை மாற்றும்போது மற்றது நின்றுவிடும். ஆர்க்கில் காட்டின் பெயர் தலைப்பு, அதற்குக் கீழேயே தேதி, அதற்குக் கீழேயே மழை பெய்த கதை.

திரும்பத் திரும்ப வரும் வேலைக்குத் தேதியோடு போடும் சுற்றுக் குறி மூன்று வகை இருக்கு. பத்து நாள் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்க. வெறும் கூட்டல் போட்டால் பழைய தேதியோடு பத்து நாள் கூடும். இரண்டு கூட்டல் போட்டால் அதே கணக்கில் நடந்து, இன்றைக்குப் பின்னால் வரும் தேதியில் நிற்கும். புள்ளியும் கூட்டலும் போட்டால் நீங்க 'முடிந்தது' என்று தட்டிய நாளிலிருந்து பத்து நாள் எண்ணும். குலை வெட்டுக்கு இந்த மூன்றாவதுதான் வேணும். பழம் எப்போது பழுக்கும் என்பது கடைசியாக வெட்டிய நாளைப் பொறுத்தது, காலண்டரைப் பொறுத்தது இல்லை. சம்பளத்துக்கு அதைப் போட்டுவிடாதீங்க. அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம், அதற்கு மாதக் கணக்கில் வெறும் கூட்டல் போதும்.

ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் தேதியும் மணியும் தலைப்புக்குக் கீழே தானாகப் பதிவாகும். ஒரு வருடத்துச் சுற்று அங்கேயே கிடைக்கும்.

சாக்பீஸ் வாத்தியார்
மணி அண்ணே, தொழில் நுணுக்கம் சரி. ஆனால் அந்தப் பொண்ணு லீவில் போனால் அந்த ஆபீசில் யார் ஈமாக்ஸைத் திறப்பார்கள்? 2006-இல் ஜீனா டிரபாணி டுடூ டெக்ஸ்ட்டை உருவாக்கியதே இதற்குத்தான்: ஒரு வரி, ஒரு வேலை, எந்த எடிட்டரிலும் திறக்கலாம். முன்னால் முக்கியத்துவ எழுத்து, கூட்டல் குறியோடு திட்டம், அட் குறியோடு இடம். ஐந்து நிமிடத்தில் பெரிய கிராணிக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம். எங்கள் பள்ளியில் நான் மாறுதலாகிப் போன வருடம், என் பட்டியலை வைத்துத்தான் அடுத்து வந்தவர் பாடநூல் கணக்கை முடித்தார். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய தகுதி எந்த மென்பொருளுக்கும் இல்லை.

பெரட்டுமணி
சார், சுற்று வரும் வேலைக்கு டுடூ டெக்ஸ்ட்டின் மூல விதியில் இடமே இல்லை. கெடு தேதிகூட ஆளாளுக்கு ஒட்டிக்கொண்ட சேர்க்கை. தோட்டத்தில் பாதி வேலை சுற்று வேலை. விம் விரல் பழகியிருக்கிறதே என்றால் ஈமாக்ஸில் ஈவில் மோட் போடலாம், அதே சாவிகள்.

ஈப்போ பையன்
அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியைப் போடுங்க அக்கா. அதோடு சேர்க்கும் டாஸ்க்ஸ் பிளகினிலும் முடித்த நாளிலிருந்து எண்ணும் வசதி இருக்கு, போனிலும் ஓடும்.

சாக்பீஸ் வாத்தியார்
தம்பி, கோப்புகள் மார்க்டவுன் என்ற சாதாரண எழுத்து வடிவம்தான், அது நல்லது. ஆனால் செயலி திறந்த மூலம் இல்லை. முன்பு ஒரு குறிப்புச் செயலி மூடப்பட்டபோது என் ஆறு மாதக் குறிப்பு போனது. அதிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

மணி அண்ணே, உங்கள் பக்கத்துக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டெர்மினலில் விம் ஓட்டினால் தமிழ் படுத்துவிடும். ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் அடைக்கிறது. 'தோட்டம்' என்று அடித்தால் இரட்டைக்கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும், கர்சர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஈமாக்ஸ் 27-இல் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் வந்த பிறகு தனிச் சன்னலில் எழுத்து ஒழுங்காக விழுகிறது. ஆனால் உங்கள் ஆர்க் அட்டவணையில் தமிழ் போட்டால் கோடுகள் கோணலாகிவிடுகின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பெரட்டுமணி
கோணல்தான். நான் அட்டவணையில் எண் மட்டும் வைக்கிறேன், பெயர் எல்லாம் தலைப்பில்.

லயத்துவீட்டுப் பொண்ணு
இரண்டு பேருக்கும் நன்றி. இதற்குள் இன்னொன்று கண்டுபிடித்தேன். என் கோப்பில் 'தோட்டம்' என்று தேடினால் பாதி வரவில்லை. ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே எண் வேறு. எந்தக் கருவிக்குப் போனாலும் முதலில் இதை ஒரே வடிவுக்கு மாற்ற வேண்டும்.

நேற்று நான்கு காடுகளை மட்டும் ஆர்க்கில் எழுதிப் பார்த்தேன். வேலை நிலைகளைத் தமிழிலேயே வைக்க முடிகிறது: செய், காத்திரு, முடிந்தது. பிறகு சார் சொன்னதை நினைத்து, அந்தக் கோப்பைப் பெரிய கிராணியின் கணினியில் நோட்பேடில் திறந்தேன். நட்சத்திரக் குறி, 'செய்', காட்டின் பெயர், தேதி, அதோடு புள்ளியும் கூட்டலும். வாசித்தார். "இந்தப் புள்ளி எதுக்கும்மா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

சாக்பீஸ் வாத்தியார்
அந்தப் புள்ளிக்கு விளக்கத்தைக் கோப்பின் முதல் வரியில் எழுதி வையுங்கள். நாளைக்கு அவர் கைபட்டு அது அழிந்தால் சுற்று மாறிவிடும்.

லயத்துவீட்டுப் பொண்ணு
எழுதிவிட்டேன் சார்.