வீடியோவில் டாக்டரைப் பார்த்தபோது உங்களிடம் சம்மதம் கேட்டார்களா?

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்ற வேண்டியிருந்தது. செயலியில் 'சம்மதிக்கிறேன்' கட்டத்தைத் தம்பியே டிக் செய்து, ஓடிபி போட்டு உள்ளே போய்விட்டான். டாக்டர் வந்ததும் முதல் கேள்வியே அம்மாவிடம்தான்: "இப்படி போன்ல பார்க்கிறது உங்களுக்குச் சரிதானாம்மா? பையன் பக்கத்துல இருக்கலாமா?" அம்மா தம்பி முகத்தைப் பார்த்தார். டாக்டர் விடவில்லை. "நீங்கதான் சொல்லணும்." அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும். ஆனா ஒரு விஷயம் மட்டும் தனியா பேசணும்" என்றார். வெளியே வந்த தம்பி, "அப்படி என்னக்கா விஷயம்?" என்று கேட்டான். எனக்கும் தெரியாது. இன்றுவரை கேட்கவும் இல்லை.

—

எனக்கு நேர் எதிர். தோல் டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, திரைக்கு வெளியே யாரோ இருமினார்கள். யார் என்று கேட்டால், "பயிற்சி டாக்டர்தான், ஒண்ணுமில்லை" என்கிறார். பயிற்சி டாக்டர் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. நேரில் போனால் அவர் முகம் தெரியும், வேண்டாம் என்றும் சொல்லலாம். இங்கே ஆள் இருப்பதே இருமினால்தான் தெரிகிறது! தொடையில் இருந்த தடிப்பைக் காட்டச் சொன்னார். "இதுக்கு நேர்லயே வர்றேன்" என்று முடித்துக்கொண்டேன். கட்டணம் திரும்பி வரவில்லை, அது தனிக்கதை. அப்புறம் அந்த நீளமான படிவத்தைத் தேடிப் படித்தேன். வீடியோ பதிவு செய்யப்படலாம் என்று அடியில் ஒரு வரி. சிகிச்சைக்கும் பதிவுக்கும் சேர்த்து ஒரே டிக்கா?

—

நான் தொலை மருத்துவப் பிரிவில் நர்ஸ். டாக்டர் வருவதற்கு முன் சம்மதம் வாங்குவது என் வேலை. டிக் இருந்தாலும் வாயால் கேட்டு, பதிலை நேரத்தோடு குறித்து வைப்போம். உலக மருத்துவச் சங்கம் 2018இல் திருத்திய தொலை மருத்துவ நெறிமுறை அறிக்கை எதிர்பார்த்ததும் இதுதான்: சிகிச்சை எப்படி நடக்கும், அந்தரங்கத்துக்கு என்ன ஆபத்து, தொழில்நுட்பம் காலை வாரினால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொன்ன பிறகே சம்மதம்.

இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று முகவரி கேட்டால் சிலர் எரிந்து விழுவார்கள். பேச்சின் நடுவே நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது? லைன் கட்டானால் கூப்பிட வேறு எண், அறையில் கூட யார் இருக்கிறார்கள், இதெல்லாமும் கேட்பேன். வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது, தேவைப்பட்டால் நேரில் வரச் சொல்வோம் என்றும் சொல்லிவிடுவேன். வயதானவர்கள் சிலர் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்பார்கள். "நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்பேன். ஒரு பெரியவர், "டாக்டர் என்னைத் தொட மாட்டார், அவ்வளவுதானே?" என்றார். பாதி புரிந்திருக்கிறது, மீதியை மறுபடி சொன்னேன்.

மேலே கேட்டவருக்கு: எங்களிடம் பதிவுக்குத் தனியாகக் கேட்போம். வேண்டாம் என்றாலும் டாக்டர் பார்ப்பார். பயிற்சி டாக்டர் இருந்தால் முதலில் கேமரா முன் வந்து பெயர் சொல்ல வேண்டும். உங்கள் வீடியோ பதிவானதா, யாரிடம் இருக்கிறது என்று அவர்களிடம் எழுத்திலேயே கேளுங்கள். கட்டணத்தையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.