அப்டேட்: பழைய ஸ்டாண்ட் மிக்சர்ல (மாவு கலக்குற, பிசையுற மெஷின்) இருந்து
கேக் மாவுல கருப்பா எண்ணெய் சொட்டுது, மோட்டார் போயிடுச்சான்னு கேட்டிருந்தேன்ல, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நாள் ஓட்டாம வச்சதால கியர்பாக்ஸ் கிரீஸ்ல இருந்து எண்ணெய் தனியா பிரிஞ்சு பீட்டர் (மாவு கலக்குற துடுப்பு) மாட்டுற தண்டு வழியா இறங்கியிருக்கு. பிளக்க புடுங்கிட்டு மேல் மூடிய கழட்டினா ஒரு பக்கம் மெழுகு மாதிரி கட்டி, இன்னொரு பக்கம் தண்ணி மாதிரி எண்ணெய், யப்பா என்னா நாத்தம்! எல்லாத்தையும் வழிச்சு எடுத்து, கியர் பல்லு இடுக்குல பழைய டூத்பிரஷ் விட்டு தேய்ச்சு, ஃபுட் கிரேடு கிரீஸ் (சாப்பாட்டு மெஷினுக்குன்னே வர்றது) வச்சேன், வண்டிக்குப் போடுறத மட்டும் வச்சிடாதீங்க. வார்ம் கியர்னு உள்ள இருக்குற ஒரு பல்சக்கரத்தோட பல்லு தேஞ்சிருந்துச்சு, அதையும் மாத்தியாச்சு, மோட்டார காப்பாத்த அதுதான் முதல்ல உடையணும்னே வச்சிருக்காங்க. கார்பன் பிரஷ் (மோட்டாருக்கு கரண்ட் கடத்துற கரித்துண்டு) ரெண்டும் இன்னும் நீளமா இருக்கு, தொடல. சப்பாத்தி மாவு போட்டுப் பாத்தேன், சத்தம் நல்லாவே கொறஞ்சிருக்கு. மூடிக்கு நடுவுல கசியாம இருக்க வைக்கிற கேஸ்கெட்தான் கிழிஞ்சிடுச்சு, எங்க கெடைக்கும்னு தெரிஞ்சா சொல்லுங்க.