நாலு மாசமா வெறும் கோடும் பெட்டியும்: மகளை நிறுத்திடலாமா?

ரங்கூன் அம்மா:
மகளுக்கு 11 வயசு. படம் வரையணும்னு அவளே ஆசைப்பட்டுக் கேட்டதால, பசுண்டாங் பக்கம் ஒரு சயாகிட்ட (பர்மாவுல வாத்தியாரை அப்படித்தான் சொல்றது) ஞாயித்துக்கிழமைகள்ல அனுப்புறேன். நாலு மாசமாச்சு, இன்னும் ஒரு பூகூட வரையவிடலை. நேர்கோடு, வட்டம், பெட்டி, திரும்பவும் பெட்டி. மூணு நோட்டு தீர்ந்துபோச்சு. போன வாரம் "நான் போகலம்மா"ன்னு அழுதுட்டா. நிறுத்திடலாமா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவா?

தூரிகை 2பி:
நிறுத்திடுங்க அக்கா. நானும் சின்னதுல இப்படி ஒருத்தர்கிட்ட மாட்டினவன்தான். அவர் போட்ட கோட்டு மேலயே ஒரு வருஷம் கோடு போட்டேன். அதுக்கப்புறம் பத்து வருஷம் பென்சிலைத் தொடலை. இப்போ பிடிச்சதைப் பார்த்துப் பார்த்து வரையுறேன், கை தானா வருது. பிள்ளைக்குப் பேச்சு வரணும்னா எழுவாய் பயனிலையா சொல்லித்தர்றோம்?

பலகை மாமா, மோல்மேன்:
தம்பி, இலக்கணம் வேற, நாக்குப் புரளுறது வேற. ஃப்ளெக்ஸ் வந்து சோத்துல மண்ணள்ளிப் போடுற வரைக்கும் 30 வருஷம் கடைப் பலகை எழுதினவன் நான். பர்மிய எழுத்துல பாதி வட்டம்தான். 'வலோன்'னு ஒரு எழுத்து, முழு வட்டம். அதை மட்டும் ஆறு மாசம் போடவச்சார் எங்க சயா. இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு இழுப்பு, ரெண்டும் சேர்ற இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. மணிக்கட்டை மட்டும் திருப்பினா முட்டையாயிடும், கை தோள்லேர்ந்து வரணும். அது படிஞ்ச பிறகு மத்த எழுத்தெல்லாம் மூணே வாரம்.

இந்த ஊர்ப் பழைய சித்திரக்காரங்களும் அப்படித்தான். கனோட், நாரி, கபி, கஜ. நாலு பாடம். தாமரைக்கொடி வளைவு, மனுஷ உருவம், குரங்கு, யானை. பேரைக் கேட்டாலே நம்மாளுக்குப் பாதி புரிஞ்சுடும். கொடி வளையாதவனுக்கு நாரி கிடையாது.

தூரிகை 2பி:
மாமா, நீங்களே மாட்டிக்கிட்டீங்க. கொடி! அது பாடம்னாலும் பார்க்க அழகு. இந்தப் பிள்ளைக்குக் கிடைச்சது மொட்டைப் பெட்டி. பாகன் நகரத்துப் பழைய கோயில் சுவர்ச் சித்திரத்துல புத்தர் பெரிசு, மத்தவங்க சின்னவங்க. தூரம் கிட்டம்கிற கணக்கு அங்கே இல்லை. 1920கள்ல லண்டன் போய்ப் படிச்சிட்டு வந்த ஊ பா ஞான் மாதிரி ஓவியர்களாலதான் இந்தப் பெட்டி போட்டுப் பழகுற மேற்கத்திய முறை இங்கே பரவுச்சு. அதுக்கு முன்னாடி வரைஞ்சவங்கல்லாம் ஓவியர் இல்லையா?

கைக்கோலம்:
கட்டட வரைபடம் போடுற ஆபீஸ்ல வேலை எனக்கு. ரெண்டு பேருமே கையைப் பத்திப் பேசுறீங்க. பெட்டியும் வட்டமும் கண்ணுக்கான பயிற்சி.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரங்கூன் ஸ்வேடகோன் பகோடாவைக் கீழே நின்னு வரைஞ்சேன். அதோட வளையங்களையெல்லாம் டீக்கப் விளிம்பு மாதிரி கீழ்நோக்கி வளைச்சிருந்தேன். ஏதோ மாடியிலேர்ந்து எட்டிப் பார்த்த மாதிரி இருந்துச்சு. எது தப்புன்னு எனக்கே பிடிபடலை. கண்மட்டத்துக்குக் கீழே இருக்கிற வட்டத்துல கிட்டத்து விளிம்பு கீழ்நோக்கி வளையும், மேலே இருந்தா வில் மாதிரி மேல்நோக்கி வளையும். சரியா கண்மட்டத்துல இருந்தா வட்டமே கோடாயிடும். கிளாஸைக் கையில தூக்கி இறக்கிப் பாருங்க, தெரியும்.

ஆனா அக்கா, கோலத்தை நமக்கு யாரும் நாலு மாசம் கோடு போட்டுச் சொல்லித்தரலை. அம்மா மூணு புள்ளி வச்சாங்க, நாம இழுத்தோம், தப்பினா துடைச்சோம். சின்னதானாலும் அன்னைக்கே ஒரு கோலம் முடிஞ்சுது. உங்க சயா அந்த முடிக்கிற சந்தோஷத்தைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கலை.

தூரிகை 2பி:
அப்போ கிளாஸை வச்சே சொல்லித்தரலாமே! ஐம்பது கிளாஸ் வரையச் சொன்னாக்கூட நான் வாயைத் திறக்கமாட்டேன்.

பலகை மாமா, மோல்மேன்:
டீக்கடையில உட்காரவச்சு வரையச் சொன்னா டீயும் சமோசாவும்தான் உள்ளே போகும். பெட்டியே போடட்டும்.

ரங்கூன் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்துல மேஜைமேல இருந்த ஓவல்டின் டின்னை அவளா வரைஞ்சிட்டிருந்தா. நான் எட்டிப் பார்த்தேன். "அம்மா, மேல் வட்டத்தைவிட அடி வட்டம்தான் நல்லா உருண்டையாத் தெரியுது பாரேன்"னா. இத்தனை வருஷமா அந்த டின்லேர்ந்து மாவு எடுக்கிறேன், எனக்கு ஒரு நாளும் அது கண்ணுல பட்டதில்லை.

சயாகிட்ட போன்ல பேசினேன். பிள்ளை அழுததே அவருக்குத் தெரியாதாம். இனிமே கடைசி அரை மணி நேரம் அவ இஷ்டத்துக்கு வரையலாம்னார். பெட்டியைக் குறைக்க மட்டும் ஒத்துக்கலை.

தூரிகை 2பி:
டின்னை யாரும் சொல்லாமதானே வரைஞ்சா? என் கட்சிக்கு ஒரு ஓட்டு.

பலகை மாமா, மோல்மேன்:
நாலு மாசம் முன்னாடி வரைஞ்சது ஏதாவது இருந்தா எடுத்துப் பாரும்மா.

ரங்கூன் அம்மா:
பழைய நோட்டுல ஒரு தண்ணிக் குடம் இருக்கு மாமா. வாய் வட்டமா இருக்கு, அடி ஸ்கேல் வச்ச மாதிரி தட்டை.

தூரிகை 2பி:
அவளும் நாலு மாசம் வளர்ந்திருக்கால்ல, அதையும் கணக்குல சேருங்க மாமா.